துணை எரிபொருள் டேங்க்

வண்டியை உற்பத்தி செய்த நிறுவனம் தந்த டேங்க் போக, எஞ்சினுக்கு எரிபொருள் ஊட்டக் கூடுதலாகப் பொருத்தப்படுவது துணை எரிபொருள் டேங்க். பிக்கப் வண்டிகளில் இது கேபினுக்குப் பின்னால், சரக்கு ஏற்றும் இடத்தில் அமையும்; சேசிஸின் பக்கவாட்டிலும் மாட்டலாம்.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் எஃப் வரிசை பிக்கப்புகளுக்கு 1990-கள் வரை இரட்டை டேங்கை ஆலையிலேயே பொருத்தித் தந்தது. ஒரு டேங்கிலிருந்து எடுத்த எரிபொருள் மிச்சமாகி மறு டேங்குக்குத் திரும்பி வழிந்ததால், 1993-இல் அவ்வண்டிகள் பெரும் எண்ணிக்கையில் திரும்ப அழைக்கப்பட்டன. துணை டேங்க் பொருத்தும் வேலையின் முக்கியப் பாடமே இதுதான். டீசல் எஞ்சின் உறிஞ்சுவதில் ஒரு பங்கு எரியாமல் சூடாகி ரிட்டர்ன் லைனில் திரும்பி வரும். எடுத்த டேங்குக்கே அதைத் திருப்பும் வால்வு இல்லாமல் இரண்டு டேங்கை இணைக்கக் கூடாது.

இந்தத் தொல்லையைத் தவிர்க்க எளிய வழி உண்டு. துணை டேங்கை எஞ்சினோடு சேர்க்காமல், 12 வோல்ட் பம்ப் வழியாக முதன்மை டேங்குக்கு மட்டும் டீசலை மாற்றலாம். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனைக்கு வயர் வர வேண்டும். 87-லிருந்து பம்புக்கு, 86-க்கு டாஷ்போர்டு ஸ்விட்ச், 85-க்கு எர்த். சாவியைத் திருப்பினால் மட்டுமே ஸ்விட்சுக்கு மின்சாரம் வரும்படி இணைப்பது நல்லது. மறந்து இறங்கிப் போனாலும் பம்ப் ஓடிக்கொண்டிராது.

துத்தநாகம் பூசிய தகட்டில் டேங்க் செய்யக் கூடாது. துத்தநாகம் டீசலில் கரைந்து இன்ஜெக்டரில் படியும். 100 லிட்டர் டீசல் சுமார் 83 கிலோ எடை. வெயிலில் 20 டிகிரி கூடினால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் விரியும். ஆகவே விளிம்புவரை நிரப்பாமல், காற்றுக்குழாயை அடைக்காமல் வைக்க வேண்டும்.

சென்னைக்கு வடக்கே உள்ள அத்திப்பட்டில் துணை டேங்க் கூடுதல் கவனம் கேட்கும். எண்ணூர்க் கழிமுகத்தின் உப்புக்காற்று ஒரு பக்கம், வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் மறுபக்கம். எர்த் போல்ட்டில் துரு ஏறினால் மின்தடை கூடி, மிதவையை நம்பியிருக்கும் டீசல் முள் பொய் சொல்லும். காற்றுக்குழாயின் வடிகட்டியில் சாம்பல் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் ஓடியும் டீசல் வராது. காமராஜர் துறைமுகத்துக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஓடும் வண்டிகளுக்குச் சாலை நெடுகப் பெட்ரோல் பங்க் இருப்பதால், துணை டேங்க் இங்கே பெரும்பாலும் தேவையில்லாத செலவு.

பொக்லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல் கொண்டுபோவது வேறு சங்கதி. அந்த டீசல் சரக்கு; எஞ்சினோடு அதற்குத் தொடர்பில்லை. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, டீசல் அடங்கும் ‘பி’ வகுப்பில் மொத்தம் 2,500 லிட்டர் வரை, ஒரு கலன் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால், உரிமம் இல்லாமல் கொண்டுசெல்லலாம்.

எஞ்சினுக்கு ஊட்டும் டேங்குக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களோடு பதிவுச் சான்று முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. டேங்க் பொருத்தினால் கூடும் வெற்று எடையும் அச்சான்றில் உள்ள விவரமே. 2019 திருத்தத்தின்படி, மீறிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டேங்க் செய்யக் கொடுப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.