உறவுப் பெயர்கள் உரைக்கும் வரலாறு

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் தமிழ் மாணவன் முதலில் வியப்பது அதன் உறவுப் பெயர்களைக் கண்டுதான். சிற்றப்பன், பெரியப்பன், தாய்மாமன் ஆகிய மூவருக்கும் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லா? “ஆங்கிலேயருக்கு உறவுகளைப் பிரித்தறியத் தெரியாதா, ஐயா?” என்று என் வகுப்பில் மாணவர் கேட்டதுண்டு. அவ்வினாவுக்கு இலக்கணம் விடை கூறாது, வரலாறுதான் கூறும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் தந்தையின் உடன்பிறந்தானை ‘ஃபேடெரா’ என்றும், தாயின் உடன்பிறந்தானை ‘ஏயாம்’ என்றும் வேறுபடுத்தி அழைத்தனர். அத்தைக்கும் சிற்றன்னைக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஆங்கிலேயரின் முன்னோர் ஜெர்மானிய இனத்தைச் சேர்ந்தவர். அவ்வினத்தாரிடையே தாய்மாமன், தன் சகோதரி மக்களைத் தந்தைக்கு நிகராகப் போற்றினான் என்று உரோம ஆசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதியிருக்கிறார். தாய்மாமன் சீர் கண்ட நமக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றுமா?

இந்நிலையை மாற்றியது 1066ஆம் ஆண்டு. நார்மண்டிக் கோமகன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசனானான். அரண்மனையிலும் பிரபுக்களின் மாளிகையிலும் பிரெஞ்சு ஒலித்தது. காலப்போக்கில் அங்கிள், ஆண்ட், நெஃபியூ, நீஸ், கஸின் ஆகிய பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. இலத்தீனில் தாய்மாமனை மட்டும் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததே ‘அங்கிள்’ என்பது நினைக்கத்தக்கது. ஆனால் ஃபாதர், மதர், பிரதர், சன், டாட்டர் ஆகிய சொற்கள் அசையவில்லை. அடுப்பங்கரையில் வாழ்ந்த சொற்கள் நிலைத்தன. கூடத்தில் இருந்தவை இடம்பெயர்ந்தன. ‘கிராண்ட்ஃபாதர்’ என்பதிலோ முற்பாதி பிரெஞ்சு, பிற்பாதி ஆங்கிலம்!

திருமணச் சொற்களிலும் இவ்வரலாற்றைக் காணலாம். ‘வெட்டிங்’ என்பதன் வேர்ச்சொல் உறுதிமொழி என்று பொருள்படும். ‘மேரேஜ்’ பிரெஞ்சு தந்தது. ‘ஹஸ்பண்ட்’, 793 முதல் கடல்வழியே வந்து தாக்கிப் பின்னர் அங்கேயே குடியமர்ந்த வடபுலத்தாரின் சொல். இல்லத்துக்கு உடையவன் என்பது அதன் பொருள். ‘பிரைடல்’ என்பது முதலில் மணமகளின் பெயரால் வழங்கிய பார்லி மதுவையும் மணவிருந்தையும் குறித்தது. ‘பிரைட்குரூம்’ என்பதன் இறுதியில் முன்பு, ஆடவன் எனப் பொருள்படும் ‘குமா’ என்ற சொல் இருந்தது. அச்சொல் வழக்கிழந்தபின், பொருள் விளங்காத மக்கள் 16ஆம் நூற்றாண்டளவில், பணியாளைக் குறிக்கும் ‘குரூம்’ என்பதை அவ்விடத்தில் அமர்த்திவிட்டனர். ‘ஹாலிடே’ என்பதும் புனித நாள் என்றே பிறந்தது. இன்று பள்ளி விடுமுறைக்கும் அதுவே பெயர்.

இவற்றால் நாம் அறிவது யாது? ‘ஏயாம்’ என்ற சொல்லை எந்த அரசாணையும் தடைசெய்யவில்லை. மேலோர் பேச்சே மேலானது என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். பழஞ்சொல் மெல்ல மறைந்தது. 1362இல் வழக்குமன்றங்களில் ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. மொழி தன் அரியணையைத் திரும்பப் பெற்றது; இழந்த உறவுப் பெயர்களைத் திரும்பப் பெறவில்லை.

இன்று நம் இல்லங்களிலும் மாமாவும் சித்தப்பாவும் ‘அங்கிள்’ ஆகி வருகின்றனர். நம் உறவுப் பெயர்கள் வெறும் அழைப்புகள் அல்ல. அத்தை மகளை மணக்கலாம், சித்தப்பா மகள் தங்கை என்னும் குடும்ப முறையையே அவை தாங்கி நிற்கின்றன. ‘கஸின்’ என்ற ஒரு சொல் அவ்விருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மாணவ நண்பர்களே, ஆங்கிலத்தைப் பிழையறக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பேசும்போது ‘அங்கிள்’ என்றே கூறுங்கள். வீட்டு வாயிலில் தாய்மாமன் வந்து நிற்கும்போது மட்டும், “வாருங்கள், மாமா” என்று அழையுங்கள்.