உகாண்டா: வீட்டுப் பத்திரம் திரும்பிய கதை

கிழக்கு ஆப்பிரிக்காவில் தொழில் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு 1972தான் நினைவுக்கு வரும். அந்த ஆகஸ்டில் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்தார். பெரும்பாலும் குஜராத்திகள். லுகாசியில் மேத்தா 1924இல் தொடங்கிய சர்க்கரை ஆலை, ககீராவில் மாத்வானியின் ஆலை, ஊர் ஊராக இருந்த கடைகள், எல்லாம் பறிபோயின. பல கடைகள் அமீனின் ஆட்களுக்குப் போயின. கரும்பு விளைந்த நாட்டில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு!

சொத்தைத் திருப்பித் தர 1982இல் சட்டம் வந்தது. ஆனால் உள்நாட்டுப் போர் நடந்த காலம்; வேலை பெரிதாக நகரவில்லை. முசேவேனி 1986இல் ஆட்சிக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளில்தான் கம்பாலா வீடுகள் உரியவர்களிடம் போயின. 1991இல் முதலீட்டுச் சட்டமும் வந்தது.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான். வரிச்சலுகையைவிட அந்தப் பத்திரங்கள் திரும்பியதே பெரிது என்பேன். அந்த வீடுகளில் இருபது வருஷம் குடியிருந்த உகாண்டாக்காரர்கள் காலி செய்ய வேண்டியிருந்ததே, அதைப் பற்றி எழுதுவோர் குறைவு. மாத்வானிகள் ககீராவில் மீண்டும் கரும்பு அரைத்தார்கள். மற்றவர்களில் பலர் பத்திரத்தை வாங்கி, வீட்டை விற்று, இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்கள்.