அந்நியர் கண்ட கலியாணம்

நம் வீட்டுக் கலியாணத்திற்கு அந்நிய தேசத்தார் ஒருவர் வந்துவிட்டால் நமக்கு உண்டாகும் பெருமைக்கு அளவில்லை. சந்தனம் கொடுத்து, மாலையிட்டு, முன்வரிசையில் அமர்த்தி உபசரிக்கின்றோம். விருந்தோம்பல் தமிழர் பண்பு, அதிற் குற்றமில்லை. ஆனால் அவ்விருந்தினர் ஊர் திரும்பி, "பல்லாயிரம் ஆண்டுகளாக மாறாத வழக்கம்" என்று நம் மணமுறையைப் பற்றி எழுதுவாராயின், அது சரித்திரந்தானா என்று நாம் வினவ வேண்டாமா?

நம் நாட்டு விவாகச் சடங்குகளை மேனாட்டாருக்கு விரித்துரைத்த நூல்களுள் பேர்பெற்றது துய்புவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரின் நூலாகும். 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த அவர், நம்மவர் போலவே உடுத்து, நம்மவர் உணவையே உண்டவர். அவரது கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1807-ல் 2,000 வராகன் கொடுத்து வாங்கினர். 1816-ல் அது ஆங்கிலத்தில் வெளியாயிற்று. ஐந்து நாள் நடக்கும் பிராமண விவாகம் அதிலே விவரிக்கப்பட்டுள்ளது. நேரிற் கண்ட சாட்சியமென்றே உலகம் அதனை நெடுநாள் நம்பிற்று. எனினும், அதன் பெரும்பகுதி கேர்தூ என்ற முந்திய சேசு சபைப் பாதிரியார் ஒருவரின் எழுத்தைத் தழுவியதென்று 1987-ல் சில்வியா மூர் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். ஒரு விருந்தினர் எழுதியதை மற்றொரு விருந்தினர் பார்த்தெழுதினார்; ஒரு வகுப்பாரின் மணமோ நம் எல்லோருடைய மணமுமாகிவிட்டது!

ஏட்டிலுள்ள கலியாணம் அவ்வாறிருக்க, நம் பேராக்கில் நடக்கும் கலியாணத்தின் கதை யாது? 1911-ல் ஏற்பட்ட மனநோய் மருத்துவமனையால் நாடறிந்த தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்திற்கு இன்று ஓர் அந்நியர் வருவாராயின், நாதஸ்வரம் கேட்பார், தாலி கட்டக் காண்பார், வாழையிலையில் உண்பார். அதன் பின்னே நின்ற துயரத்தைக் காணார்.

ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களுள் ஆண்களே மிகுதி. 1931-ம் ஆண்டுக் குடிக்கணக்கிலும், இந்நாட்டு இந்தியருள் ஆண்களின் தொகையில் ஏறக்குறையப் பாதியளவே பெண்கள் இருந்தனர். ஆகவே லயத்தில் வாழ்ந்த பலருக்குக் கலியாணமே கனவாயிருந்தது. நடந்த மணங்கள் பலவற்றிற்கும் சடங்கைத் தவிர வேறு சாட்சியில்லை. கணவன் கைவிட்டாலும், மற்றொருத்தியைக் கொண்டாலும், மனைவி காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமில்லை.

வழக்கம் என்றும் மாறாததன்று என்பதைத் தாய்நாடும் காட்டிற்று. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928-ல் புரோகிதரின்றி முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தேறியது. அத்தகைய மணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது 1967-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம். மலேசியாவிலோ, 1976-ம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிமல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதும், திருமணத்தைப் பதிதல் வேண்டுமென்பதும் அதன்பின்னரே சட்டமாயின.

ஆதலின் தோழர்களே, தோட்டத்தாராயினும் பட்டணத்தாராயினும், முகூர்த்தத்திற்கு நாள் பார்ப்பதுபோலவே பதிவிற்கும் நாள் குறியுங்கள். பந்தலுக்கு வரும் அந்நியருக்கு மேளத்தையும் மாலையையும் காட்டுவதோடு அமையாது, மணமகள் கையெழுத்திட்ட பதிவேட்டையும் காட்டுங்கள். மேளம் நாம் கப்பலில் கொண்டுவந்தது. அக்கையெழுத்து நம் பெண்கள் இங்கே நெடுங்காலம் காத்திருந்து அடைந்தது.