காரைக்குடியில் சுதந்திராக் கட்சி

ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, 1962 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் வென்றது ஆறே இடங்கள். அவற்றுள் ஒன்று அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக் காரைக்குடி. வென்றவர் ‘கம்பன் அடிப்பொடி’ சா. கணேசன் (1908–1982), விடுதலைப் போராட்டத்தில் காங்கிரசுக்காரராக நின்றவர், 1939இல் காரைக்குடிக் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தவர்.

மரபுப் பற்றுள்ள வாக்காளருக்குக் காங்கிரசை விட்டுச் சுதந்திராவுக்கு வாக்களிப்பது எளிய தேர்வன்று. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் காங்கிரசுப் பிரதமர் நேருவே வந்து அடிக்கல் நாட்டிய ஊர் இது. ஆனால் பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்து பழகிய, இவ்வட்டார வணிகச் சமூகமான நகரத்தாருக்குக் காங்கிரசு ஆட்சியின் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்னும் கெடுபிடி ஒவ்வாதது. காங்கிரசின் நாகபுரி மாநாட்டுக் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானமோ நிலமுடையோரைக் கலங்க வைத்தது.

கடுஞ்சோதனை 1967இல் வந்தது. காங்கிரசை வீழ்த்த ராஜாஜி தி.மு.க.வோடு கூட்டணி கண்டார். கம்பராமாயணத்தைச் சாடிக் ‘கம்பரசம்’ எழுதியவர் தி.மு.க. தலைவர் அண்ணா. பங்குனியில் கம்பன் விழா எடுத்து, நிறைவு நாளில் நாட்டரசன்கோட்டைக் கம்பன் சமாதியில் வணங்கும் மக்களிடம் அந்த அணிக்கு வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. சமயப்பற்று ஒரு பக்கம் இழுக்க, பொருளாதாரக் கொள்கை மறுபக்கம் இழுத்தது. இதை வெறும் கூட்டணிக் கணக்கென்று ஒதுக்கினால் அந்த வாக்காளரின் மனப்போராட்டத்துக்கு நீதி செய்ததாகாது.

மாநிலத்தில் அந்த அணி வென்றது; சுதந்திராவுக்கு 20 இடங்கள் கிடைத்தன. 1971இல் ராஜாஜி காமராஜரின் பழைய காங்கிரசோடு கைகோத்தார். 1974இல் கட்சி பாரதிய லோக தளத்தில் கலந்தது.