வங்கிப் பெயரில் வரும் தூண்டில் மின்னஞ்சல்

வங்கி அனுப்பியதுபோல் நடித்து வாடிக்கையாளரின் கடவுச்சொல், அட்டை எண், ஓடிபி ஆகியவற்றைக் கறக்கும் போலி மின்னஞ்சல். ‘ஃபிஷிங்’ என்றும் வழங்கும். ‘கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் இன்றிரவு கணக்கு முடங்கும்’ என்பது இந்தியாவில் இதன் வழக்கமான மிரட்டல். யோசிக்க நேரம் தராததே சூட்சுமம்.

அனுப்புநர் பெயரை யாரும் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் முகவரியையும் போலியாகக் காட்ட முடியும். எனவே இணைப்பு எங்கே கொண்டுபோகிறது என்பதே முக்கியச் சான்று. தளப்பெயரை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ‘வங்கிபெயர்.பேங்க்.இன்.கேஒய்சி-உதவி.காம்’ என்பதில் முன்பாதி வெறும் அலங்காரம், தளம் ‘கேஒய்சி-உதவி.காம்’ என்பதைப் பதிவு செய்தவருக்கே சொந்தம். உலாவியின் பூட்டுச் சின்னம் தகவல் மறையாக்கப்பட்டுச் செல்வதை மட்டுமே காட்டும். திருடரின் தளத்துக்கும் பூட்டு உண்டு. எழுத்துப்பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடிப்பது பழங்கதை.

இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘.பேங்க்.இன்’ தளப்பெயருக்கு மாற ரிசர்வ் வங்கி பணித்தது. 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, கடவுச்சொல்லை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான இழப்பு அவரைச் சேரும். அதன்பின் நேர்வது வங்கியைச் சேரும். பணம் பறிபோனால் 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.