கரண்ட் கம்பத்தில் வந்த இன்டர்நெட்: ஒரு ஊரின் கதை

1/
2020 ஆகஸ்ட்டில் ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஞாபகம் இருக்கா? கலிபோர்னியாவில் சாலினாஸ் என்கிற ஊர். ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை வாசலில், தரையில் உட்கார்ந்து ரெண்டு சிறுமிகள் லேப்டாப்பில் பாடம் படிக்கிறார்கள். கொரோனாவால் பள்ளி மூடல். வீட்டில் நெட் வசதி இல்லை. அந்தக் கடை வைஃபைதான் அவர்களுக்கு வகுப்பறை.

2/
அதே அமெரிக்காவில், அதற்கு முந்தைய மாதம், டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகரத்தில் வேறொரு அறிவிப்பு. வசதி இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 28,000 பேருக்கு வீட்டிலேயே 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட். 10 வருஷத்துக்குக் காசு கிடையாது.

கொடுத்தது யார் தெரியுமா? ஊர் மின்வாரியம்!

மின்வாரியம் எப்படிங்க நெட் கொடுக்கும்? அதுதான் இன்னைக்குக் கதை. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

3/
1930களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கரண்ட் இருந்தது. கிராமத்துப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான். காரணம் எளிது. "நாலு வீட்டுக்காக நாலு மைல் கம்பி இழுத்தா கட்டுப்படி ஆகாது" என்பது தனியார் கம்பெனிகளின் கணக்கு.

1933ல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் வந்து அணைகளில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது. 1935ல் சாட்டனூகா மக்கள் ஓட்டுப் போட்டு, ஊருக்குச் சொந்தமான மின்வாரியம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1939ல் அது மின் விநியோகத்தைத் தொடங்கியது.

4/
ஒரு டாக்டரா எனக்கு இந்த ஊர் அறிமுகமானது வேறு காரணத்தால். 1969ல் அமெரிக்காவிலேயே காற்று மிக மோசமான நகரம் இதுதான் என்று மத்திய அரசின் அறிக்கை சொன்னது. வால்டர் க்ரான்கைட் டிவி செய்தியில் அதை வாசிக்க, நாடே கேட்டது. அந்த ஊர் ஆலைப் புகையைக் கட்டுப்படுத்தி மீண்டது தனிக்கதை. ஆனா ஒண்ணு கவனிங்க: எல்லாருக்கும் பொதுவான ஒன்றை ஊர் கூடித்தான் சரி செய்ய முடியும் என்கிற பாடம் அந்த ஊருக்குப் புதுசு இல்லை.

5/
2000களின் பிற்பகுதி. மின்வாரியத்துக்கு ஒரு தலைவலி: மரம் விழுந்து கரண்ட் போனா, எங்கே போச்சுன்னு தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் ஆகுது. தானியங்கி சுவிட்சுகள் வைத்தால் பழுதான இடத்தை மட்டும் துண்டித்து, மற்ற தெருக்களுக்கு உடனே கரண்ட் கொடுக்கலாம். அந்த சுவிட்சுகள் ஒன்றோடொன்று பேச ஃபைபர் வேண்டும்.

கம்பம் நம்மது. லைன்மேன் நம்ம ஆள். மாசாமாசம் பில் போடும் ஆபீஸும் இருக்கு. எப்படியும் ஃபைபர் இழுக்கிறோம், அப்படியே வீட்டுக்கும் கொடுத்தா என்ன?

6/
கேபிள் கம்பெனிகள் சும்மா இருக்குமா? கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்குகள் தள்ளுபடி ஆயின. மின்வாரியம் கடன் பத்திரம் போட்டுப் பணம் திரட்டியது. 2009ல் மத்திய அரசின் மானியம் சுமார் 11 கோடி டாலர் வந்தது.

2010 செப்டம்பர். 600 சதுர மைல், சுமார் 1,70,000 வீடுகள், கடைகள். கேட்கிற யாருக்கும் 1,000 எம்பிபிஎஸ். அந்த வருஷம் பிராட்பேண்ட் என்று அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட குறைந்தபட்ச டவுன்லோடு வேகம் 4 எம்பிபிஎஸ்!

முதல் பத்து வருஷத்தில் ஊருக்குக் கிடைத்த பலன் சுமார் 269 கோடி டாலர் என்று அந்த ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கணக்கிட்டார்.

7/
சரி, பக்கத்து கிராமங்களுக்கும் கொடுக்க வேண்டியதுதானே? அங்கேதான் முட்டுக்கட்டை. மின் விநியோக எல்லையைத் தாண்டி நெட் விற்கக் கூடாது என்பது மாநிலச் சட்டம். கோட்டுக்கு இந்தப் பக்கம் அதிவேக நெட், அந்தப் பக்கம் ஒண்ணுமில்லை. 2015 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்கியது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது.

அதே தீர்ப்பு வட கரோலினாவில் பைன்டாப்ஸ் என்ற குட்டி ஊரையும் அடித்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் அங்கே. பக்கத்து வில்சன் நகராட்சி அப்போதுதான் அங்கே ஃபைபர் கொடுத்திருந்தது. தீர்ப்புக்குப் பிறகு விற்கக் கூடாது. வில்சன் என்ன செய்தது தெரியுமா? "விற்கத்தானே கூடாது? சும்மா கொடுக்கிறோம்" என்று ஆறு மாசம் இலவசமாகக் கொடுத்தது. 2017ல் மாநிலமே இறங்கி வந்து, தனியார் ஃபைபர் வரும் வரை தொடரலாம் என்றது.

8/
எல்லா ஊரும் ஜெயிக்கவில்லை. அதையும் சொல்லிடணும். யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகராட்சி சுமார் 3.9 கோடி டாலர் செலவில் ஃபைபர் போட்டது. மக்களுக்கு நேரடியாக விற்க முடியாமல், இடையில் தனியார் கம்பெனிகள் வழியாக விற்றது. 2013ல் அதை கூகுளுக்கு விற்ற விலை 1 டாலர். கடன் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது.

ஆக, கேபிள் போட்டா மட்டும் போதாது. யார் பராமரிப்பது, யார் பில் போடுவது, கட்ட முடியாத குடும்பத்துக்கு என்ன வழி. இந்த மூணுக்கும் முதல் நாளே பதில் இருக்கணும்.

9/
டாக்டருக்கு எதுக்கு இந்தக் கேபிள் கதைன்னு கேட்பீங்க. லாக்டவுனில் வீடியோ கன்சல்டேஷன் பார்த்தவன் நான். மூச்சு வாங்குது என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் ஸ்டக் ஆகி நிற்கும். அவர் நெஞ்சு ஏறி இறங்குதா என்று பார்க்க முடியாத அந்த நிமிஷத்தில் நெட்டும் ஒரு மருத்துவக் கருவி என்று புரிந்தது. குடிதண்ணீர்க் குழாயைப் போல.

10/
நம்ம ஊராட்சி அலுவலகங்கள் வரைக்கும் ஃபைபர் கொண்டுவரும் திட்டத்துக்கு 2011லேயே மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பாரத்நெட் என்பது அதன் இப்போதைய பெயர். அடுத்த கிராம சபைக்குப் போனா, ரோடு, தெருவிளக்கோடு சேர்த்து இதையும் கேளுங்க:

"ஆபீஸ் வரைக்கும் வந்த லைன், பள்ளிக்கூடத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எங்க வீட்டுக்கும் எப்போ வரும்?"

சாட்டனூகாவும் 1935ல் இப்படி ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது.