வீட்டிலா, சானடோரியத்திலா?

க்ஷயரோகத்துக்குப் பரிகாரம் பூரண ஓய்வும் தூய காற்றும் புஷ்டியான ஆகாரமுமே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய வைத்தியர்கள் ஸ்தாபித்த கொள்கை, நம் பக்கத்தில் மதனப்பள்ளி, தாம்பரம் முதலிய இடங்களில் சானடோரியங்களாக உருவெடுத்தது. 1928-ல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய ஆரோக்கிய நிலையத்தின் பெயர் அங்குள்ள ரயில் நிலையத்தோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தகைய நிலையங்களில் தங்கித் தேறியோரின் கணக்கு கொள்கைக்குச் சாட்சியாகக் காட்டப்பட்டு வந்தது. ஆனால் நோய் முற்றாதவரும், மாதக்கணக்கில் பிழைப்பை விட்டுப் படுத்திருக்க வசதி படைத்தவரும் அங்கே மிகுதியாகச் சேர்ந்திருந்தால், அவர்களைத் தேற்றியது காற்றா, காசா என்பதை அந்தக் கணக்கு எவ்விதம் சொல்லக்கூடும்?

1955 முதல் 1958 வரை நாடெங்கும் நடந்த மாதிரி ஆய்வு, நகரத்து வியாதி என்று கருதப்பட்ட க்ஷயம் கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவில் பரவியிருப்பதை வெளிப்படுத்தியது. எத்தனை பேர் என்ற கேள்விக்கு அது ஏற்ற முறை. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகள் ஆயிரக்கணக்கில் மட்டுமே இருந்த தேசத்தில் அவர்களை என்ன செய்வது என்பதற்கோ, எண்ணுவதால் விடை கிடைப்பதில்லை, பரீட்சித்தே பார்க்கவேண்டும்.

அந்தப் பரீட்சைக்காக 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடி ஒரு நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் அதன் பொறுப்பை ஏற்றார். முன்னுதாரணம் பிரிட்டனில் இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் கிடைப்பதற்கரிய பொருளாயிருந்த காலத்தில், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் நிபுணர் சமவாய்ப்பு எண்களின்படி முடிவு செய்து, முத்திரையிட்ட உறைகளில் வைத்துவிட்டார். 1948-ல் வெளிவந்த அப்பரீட்சையின் முடிவில், ஆறு மாதத்துக்குள் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர்.

சென்னையில் மருந்து இரு சாராருக்கும் ஒன்றே: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்ஸும், ஓராண்டுக் காலம். நகரத்து ஏழைகளில் 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். வீடென்றால், நெருக்கடியான குடியிருப்பு, அரைவயிற்றுச் சாப்பாடு, ஓய்வுக்கு இடங்கொடாத உழைப்பு. மருந்தை விழுங்குகிறார்களா என்று அறிய, முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணியதும், சிறுநீரைச் சோதித்ததும் உண்டு. மனித சுபாவத்தை அறிந்தவர்கள் வகுத்த திட்டம்!

1959-ல் முடிவு வெளியாயிற்று. கிருமி அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. ஆறு குறைகிறதே என்று சானடோரியப் பக்ஷத்தார் சொல்லலாம். ஆயினும், நூறு பேருக்கு மேற்படாத இரு குழுக்களில் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடும் என்பதும், நல்லுணவும் ஓய்வும் சேர்ந்துங்கூட அதற்குமேல் எதையும் சாதிக்கவில்லை என்பதுமே இங்கே கவனிக்கத்தக்கவை.

எனினும் வீட்டிலிருக்கும் நோயாளியின் குழந்தைக்கு என்ன கதி? இக்கேள்வியின் நியாயம் முன்னதைவிடப் பெரிது. இதற்குக் காலமே கருவி. இரு தரப்புக் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் நோய் அதிகமாகப் பரவவில்லை என்று கண்டார்கள். தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குமுன்பே நேர்ந்துவிட்டிருந்தது.

1962-ல் வகுக்கப்பட்ட தேசிய க்ஷயரோகத் தடுப்புத் திட்டத்துக்கு வீட்டுச் சிகிச்சையே ஆதாரமாயிற்று. ஆனால் மாத்திரை எண்ண ஆளில்லாத ஊர்களில் என்ன நடக்கும் என்பதை அந்த 193 பேரைக் கொண்டு அறிய வழியில்லை. ஆகவே சேத்துப்பட்டார், வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்துக் கண்ணெதிரே மருந்தளிப்பதையும், தினந்தோறும் வீட்டில் தானே உண்ணவிடுவதையும் ஒப்பிட்டு மற்றொரு பரீட்சையைத் தொடங்கினார்கள்.